பாக்கெட் இல்லாத சட்டைகள்

மாஸ்டர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்பார். தையல் கடை வாசலில் ஆள் நிழல் விழுந்ததும், தலையைக்கூட முழுசாகத் தூக்காமல், "வலது தோள் அரை இஞ்ச் இறக்கம், உள்ள வாங்க" என்பார். வந்தவருக்குத் தன் தோள் இறங்கியிருப்பது அன்றுவரை தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் மறக்காது. கல்யாணம் பேசப் போன ஒரே வீட்டில், பெண்ணைப் பெற்றவரிடம், "உங்க காலரை யாரு வெட்டினது? கழுத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கே" என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மாஸ்டருக்கு வருத்தமில்லை. அந்தக் காலரை எத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்ப்பது என்பார்.

கடை ஒரே அறைதான். நடுவில் வெட்டு மேசை, சுவரோரம் இரண்டு மெஷின், ஜன்னல் பக்கம் என் முக்காலி. என் வேலை காஜா எடுப்பது. சட்டையில் பட்டன் நுழையும் துளையை வெட்டி, அதைச் சுற்றி நூலால் கட்டும் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதையே செய்வதால் மாஸ்டர் வாயில் என் பெயரும் 'காஜா' ஆகிவிட்டது. வெட்டுத்துணிக் கூடையில் தூங்கும் பூனைக்கு மட்டும் இரண்டு நாள் யோசித்து, மெஷினின் நூல் உருளைப் பெயரில் 'பாபின்' என்று வைத்தார்.

போன வருஷம் மாஸ்டரின் கிட்னி இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. அவருடைய அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அக்காவுக்குத் தபால் ஆபீசில் பார்சல் எடை போடும் வேலை. கொடுத்த கிட்னியையும் அவர் ஒரு பார்சலாகத்தான் நினைத்தார். அனுப்பியவர் அவர், வாங்கிக்கொண்டவர் தம்பி, சேதமானால் பதில் சொல்ல வேண்டியவரும் தம்பி. ஆபீஸ் விட்டதும் நேராகக் கடைக்கு வருவார்.

"இன்னிக்குத் தண்ணி எத்தனை டம்ளர்?"

"ஆறு."

"என் உடம்புல இருந்தப்ப அது பத்து டம்ளர் பார்த்த கிட்னிடா. புது இடத்துல காயப் போடறியா?"

"அக்கா, கை வேலையா இருக்கேன்."

"கைதானே வேலையா இருக்கு? வாயைத் திற."

வெளியிலிருந்து வந்த உறுப்பை உடம்பு விரோதி என்று நினைத்து அடித்து விரட்டப் பார்க்குமாம். அதனால் உடம்பின் காவலை அரைத் தூக்கத்தில் வைக்க மாஸ்டர் காலையும் மாலையும் மாத்திரை சாப்பிட வேண்டும். காவல் அசந்திருந்தால் வேறு எது எதுவோ உள்ளே நுழையும், ஜாக்கிரதை என்று சொல்லித்தான் மருத்துவமனையில் அனுப்பினார்கள். அக்கா அதைச் சட்டமாக்கிவிட்டார். தும்மினால் கடைக்குள் இடமில்லை. ஒருவர் கால்சட்டைக்கு அளவை நடைபாதையில் நின்றே கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது மாதம் என்னிடம் ஒரு சட்டை வந்தது. ஏழு காஜாவுக்கு ஐந்து குறிதான் இருந்தது.

மாஸ்டர் குறி வைக்கும் விதம் இப்படி. சாக்பீஸ் வெளியே தெரியக் கூடாது என்று சட்டையின் முன்துண்டுகள் இரண்டையும் உள்பக்கம் மேலே வரும்படி திருப்பி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் போடுவார். அப்போது பட்டன் வரும் துண்டு அவருக்கு வலது கைப்பக்கமும், காஜா வரும் துண்டு இடது கைப்பக்கமும் விழும். ஒவ்வொரு இடத்திலும் சின்னதாக ஒரு கூட்டல் குறி போடுவார். அன்று பட்டன் பக்கம் ஏழும் இருந்தது. காஜா பக்கம் கீழே இரண்டைக் காணோம்.

மறந்திருப்பார் என்று விட்ட இடத்தில் நானே புள்ளி வைத்துக் காஜா எடுத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் பேச வேண்டும். புள்ளி வைப்பது சுலபம்.

அடுத்த வாரம் மூன்று குறிதான் வந்தது. அதற்கடுத்த சட்டைகளில் காஜா பக்கம் ஒரு கூட்டல்கூட இல்லை. எல்லாவற்றிலும் என் புள்ளிதான். பிறகு பாக்கெட் வராமல் போனது. பாக்கெட்டும் அதே துண்டில் வர வேண்டியது. அழகாக வெட்டிய பாக்கெட் துணிகள் மேசையின் இடது மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முதல் சட்டைக்கு நான் கையாலேயே பாக்கெட் தைத்து வைத்தேன். இரண்டாவதற்கும் தைத்தேன். மூன்றாவதை, நான் வீட்டுக்குப் போன பிறகு வந்த பஸ் டிரைவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார்.

"மாஸ்டர், பாக்கெட்டைக் காணோம்."

"எங்க விட்டீங்க?"

"நான் எங்க விடறது? நீங்க வைக்கவே இல்ல."

மாஸ்டர் சட்டையை வாங்கி, வழக்கம்போல உள்பக்கம் திருப்பி விரித்துப் பார்த்தார். அவர் கண் வலது பக்கம் மேலே போய், வலது பக்கம் கீழே வந்தது. "எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?"

"பேனா எங்க சொருகறது?"

"ஓட்டறவருக்கு எதுக்குப் பேனா? போற வழியெல்லாம் எழுதிக்கிட்டே போவீங்களா?"

"மூக்குக் கண்ணாடி வைக்கணும்ல?"

"கண்ணாடி மூக்குல இருந்தாத்தான் ரோடு தெரியும். அதைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஓட்டறீங்கன்னு தெரிஞ்சா உங்க பஸ்ல எவன் ஏறுவான்?"

துணி கொடுக்க வந்து நின்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். டிரைவர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு போனார். மாஸ்டர் ஜெயித்துவிட்டார். அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தச் சட்டையின் பாக்கெட் அவர் இடது முழங்கைக்குக் கீழேயே இருந்தது. பாபின்கூட அதைப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை.

வேறு சிலதும் என் கண்ணில் பட்டன. தட்டில் நாலு பிஸ்கட் வைத்தால் வலது பக்க இரண்டைத் தின்றுவிட்டு, "இன்னிக்கு ரெண்டுதானா?" என்று கேட்டார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, "இதை யாரு நகர்த்தி வெச்சது?" என்று நிலையைத் திட்டினார். தலைவலி என்று நெற்றியில் துணி கட்டிக்கொள்வார், அக்கா வரும் நேரத்தில் அவிழ்த்துவிடுவார்.

"அக்காகிட்ட மூச்சு விடாதே, காஜா. அவ கிட்னியை நான் கெடுத்துட்டேன்னு ஊரைக் கூட்டிடுவா."

"தலைவலிக்கும் கிட்னிக்கும் என்ன மாஸ்டர்?"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா?"

நான் மூச்சு விடவில்லை. மூன்று வாரம் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை, துணியை விரித்துக்கொண்டிருந்த மாஸ்டரின் இடது கையிலிருந்து துணி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொட்டால் உடம்பு கொதித்தது. இடது கால் இழுத்தது. அக்காவுக்குச் சொல்லி அனுப்பி, இரண்டு பேருமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவு டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "எப்போலேருந்து இப்படி?"

"இன்னிக்குக் காலைல எட்டு மணிலேருந்து" என்றார் அக்கா. "நேத்து சாயங்காலம் என்கூட நல்லா சண்டை போட்டானே. வாயில ஒரு குறையும் இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், 'திடீரென்று' என்று சீட்டில் ஏறிவிட்டது. தலையைப் படமெடுத்ததில் வலது பக்கம் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. பக்கவாதம் என்று எழுதி, அதற்கான வார்டில் படுக்க வைத்தார்கள். காய்ச்சலைத் தொண்டைப் புண்ணின் கணக்கில் போட்டார்கள்.

மத்தியானம் மூளை, நரம்பு பார்க்கும் தலை டாக்டர் வந்தார். ஒல்லியான அம்மா. கொண்டையில் பேனா சொருகியிருந்தார். மாஸ்டர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு தாளைக் கொடுத்தார்.

"மாஸ்டர், ஒரு சட்டை வரைஞ்சு காட்டுங்க."

மாஸ்டர் சுறுசுறுப்பாக வரைந்தார். கழுத்து வளைவு, தோள், கைக்குழி எல்லாம் இருந்தன. ஆனால் சட்டையில் பாதிதான் இருந்தது. நடுவில் நேராக ஒரு கோடு இழுத்து நிறுத்திவிட்டார்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரு பாதியை முழுசா விட்டுட்டார்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் 'அடடா' என்றார். பேசாமல் இருக்க முடியவில்லை.

"எப்பவும் பாதிதாங்க வரைவார்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மூலையில் இருந்த தண்ணீர்க் குடமே பேசிவிட்ட மாதிரி பார்த்தார்கள்.

"துணியை மடிச்சுப் போட்டுத்தான் வெட்டறது. பாதி வரைஞ்சா போதும், விரிச்சா முழுசா வந்துடும். எந்த டெய்லரைக் கேட்டாலும் அப்படித்தான் வரைவாங்க."

"இந்தம்மாவுக்கு அது எங்க தெரியப் போகுது" என்றார் மாஸ்டர், டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி. "வலது தையல் மேலே ஏறி இருக்கு. அதையே பார்த்துக்கலை."

டாக்டர் சிரித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார். "சரி, கடிகாரம் வரைங்க. அதை மடிக்க முடியாதில்ல?"

மாஸ்டர் வட்டம் போட்டார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கியடித்து எழுதினார். இடது பாதி துடைத்துவிட்டது போல இருந்தது.

"அவனுக்கு நேரம் எப்பவுமே தெரியாது டாக்டர்" என்றார் அக்கா. "சொன்ன தேதிக்கு ஒரு சட்டை குடுத்ததில்ல."

டாக்டர் அக்காவைக் கவனிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார். "வேற என்ன பார்த்தீங்க? காலைலதான் வந்ததா இது?"

தரையைப் பார்த்துக்கொண்டே குறிகளைச் சொன்னேன், புள்ளிகளைச் சொன்னேன், பாக்கெட்டைச் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால் அக்கா என்னை எரிப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா? அடிப்பாவி, நீயும் அவனும் சேர்ந்து என் கிட்னியோட விளையாடி இருக்கீங்க!"

"திட்டறதை அப்புறம் வெச்சுக்குங்க" என்றார் டாக்டர். "அந்தச் சட்டைங்க கடையில இருக்கா?"

ஒன்பது சட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டு குத்தியிருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். டாக்டர் அவற்றை உள்பக்கம் திருப்பி, தேதி வரிசையில் மாஸ்டரின் கால்மாட்டிலும் பக்கத்துக் கட்டிலிலும் பரப்பினார். துவைக்கும் வரை சாக்பீஸ் போகாது. கூட்டல் மாஸ்டருடையது, புள்ளி என்னுடையது. டாக்டர் விரல் வைத்து எண்ணினார். ஐந்து கூட்டல், இரண்டு புள்ளி. மூன்று கூட்டல், நாலு புள்ளி. பிறகு வெறும் புள்ளிகள். கடைசியில் பாக்கெட்டே இல்லை.

"பக்கவாதம் ஒரே அடியா விழும். இப்படிப் படிப்படியா இறங்காது" என்றார். "உள்ள ஏதோ கொஞ்சம் கொஞ்சமா வளருது. காய்ச்சல் வேற இருக்கு. காவலைத் தூங்க வைக்கற மாத்திரை வேற."

பக்கத்துக் கட்டில்காரர் தன் காலுக்கு மேலே கிடந்த சட்டையைத் தடவி, "துணி நல்லா இருக்கே, எங்க எடுத்தது?" என்று கேட்டார். மாஸ்டர் அவருக்குப் படுத்தபடியே தோள் அளவு சொன்னார்.

அன்றே மருந்து ஏற்றி வேறொரு பெரிய மெஷினில் படமெடுத்தார்கள். கறுப்புத் திட்டு இருந்த இடத்தில் இப்போது வெள்ளையாக மோதிரம் மாதிரி மூன்று வளையங்கள் தெரிந்தன. டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்து எங்களுக்கு விளக்கினார். இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். மூளையில் குடியேறிய ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர். அல்லது, இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வரும் ஒரு புற்றுக் கட்டி. படத்தில் இரண்டும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருக்கும்.

"மூளை வீங்கி இருக்கு. அதனால முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கறது இப்போ ஆபத்து. ஒட்டுண்ணிக்கு மருந்து ஆரம்பிக்கறேன். பதினாலு நாள் பார்ப்போம். வளையம் சுருங்கினா அதுதான். சுருங்கலைன்னா பதினஞ்சாம் நாள் மண்டையில சின்னதா துளை போட்டு, கொஞ்சம் எடுத்துப் பார்த்தாகணும்."

"துளை போட்டா?" என்றார் மாஸ்டர்.

"அது கையை ஆட்டி வைக்கற இடத்துக்குப் பக்கத்துல இருக்கு. கை பழையபடி வராமப் போகலாம்."

"எந்தக் கை?"

"இடது கை."

"துணியைப் பிடிக்கறது அந்தக் கைதான் டாக்டர். வலது கை சும்மா கத்தரி போடுது. அதை எவன் வேணா போடுவான்."

அதற்குப் பிறகு அன்று அவர் யார் தோளைப் பற்றியும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் விசாரணையை ஆரம்பித்தார். சரியாக வேகாத இறைச்சி சாப்பிட்டாரா, கழுவாத காய்கறி, வீட்டில் பூனை உண்டா? பூனை என்றதும் அக்கா எழுந்துவிட்டார்.

"அந்தக் கூடைச் சனியன்தான்! இன்னிக்கே பார்சல் பண்றேன்."

"பாபினைத் தொட்டே, நான் மருந்து சாப்பிட மாட்டேன்" என்றார் மாஸ்டர்.

"பூனைன்னு முடிவு பண்ணிட முடியாது" என்றார் டாக்டர். "கிட்னி குடுத்தவங்ககிட்ட இருந்தும் வரலாம். அபூர்வம்தான், ஆனா வரலாம்."

அக்காவுக்கு முகம் சிவந்துபோனது. "என் கிட்னியில பூச்சியா? சுத்தமா எடை போட்டுக் குடுத்த கிட்னி அது!"

"யாருக்குத் தெரியும்" என்றார் மாஸ்டர், இரண்டு நாளில் முதல்முறையாகச் சந்தோஷமாக. "பார்சலைத் திறந்து பார்த்தா வாங்கினேன்?"

மூன்று நாள் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. "அவனை மாத்திரை சாப்பிடச் சொல்லும்மா" என்று அக்கா என்னிடம் சொல்வார். "பூச்சி வெச்சிருக்கறவங்க பேச வேண்டாம்னு சொல்லு" என்று மாஸ்டர் என்னிடம் சொல்வார். நடுவில் நான் தண்ணீரை நீட்டுவேன்.

கிட்னி ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த இரண்டு பேருடைய ரத்தத்திலும் கொஞ்சம் மருத்துவமனையின் குளிர்பெட்டியில் இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அக்காவின் ரத்தத்தில் ஒன்றுமில்லை. மாஸ்டரின் ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணி எப்போதோ வந்துபோன தடயம், கிட்னி மாற்றுவதற்கு முன்பே இருந்தது.

"சின்ன வயசுலகூட வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். "இத்தனை வருஷம் தூங்கிக்கிட்டு இருந்திருக்கும். காவல் அசந்ததும் எழுந்திருக்கலாம். ஆனா இது பழைய தடயம் மட்டும்தான். இப்போ மூளையில இருக்கறது அதுதான்னு இந்த ரத்தம் சத்தியம் பண்ணாது. படம்தான் சொல்லணும்."

அக்காவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. "அப்பவே அடிச்சுக்கிட்டேன் டாக்டர், மண்ணைத் தின்னாதேடான்னு. ரெண்டு வயசுல கேட்டானா?"

மாத்திரைகள் பெரியவை. மாஸ்டர் அவற்றை ஓவர்கோட் பட்டன் என்பார். வாந்தி எடுத்தார், மறுபடி விழுங்கினார். காய்ச்சல் ஆறாம் நாள் விட்டது. கால் கொஞ்சம் தேறியது. கை தேறியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தினமும் ஒரு துண்டுத் துணியை இடது கையில் கொடுத்துப் பார்ப்பேன். சில நாள் பிடித்தது, சில நாள் நழுவியது. அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தம்பி தூங்கும்போது மட்டும் அந்த இடது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார், எடை பார்க்கிற மாதிரி. தம்பி அசைந்தால் சட்டென்று கீழே வைத்துவிடுவார்.

பதினாலாம் நாள் காலையில் படமெடுத்தார்கள். முடிவு வரவில்லை. பத்து மணிக்குக் கையில் ஒரு பட்டியலும் மெஷினுமாக மருத்துவமனையின் முடி வெட்டுபவர் வந்தார்.

"நாளைக்குத் தலை ஆபரேஷன். வலது பக்கம் எடுக்கணும்."

"இன்னும் சொல்லலையேப்பா" என்றார் அக்கா.

"எனக்குச் சொல்லியாச்சுங்க. பட்டியல்ல இருக்கு." அவர் மாஸ்டரின் கழுத்தில் துண்டைப் போட்டார். மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். அவர் குனிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. வெராண்டாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே மெஷின் சத்தம் கேட்டது.

அப்போதுதான் தலை டாக்டர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாக வந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"நிறுத்துங்க! திறக்க வேண்டாம்!"

"நான் எங்கம்மா திறந்தேன்?" என்றார் முடி வெட்டுபவர் பயந்துபோய். "முடியைத்தான் எடுத்தேன்."

ஒரு வளையம் மறைந்துவிட்டது, மற்ற இரண்டும் பாதிக்குமேல் சுருங்கிவிட்டன, ஒட்டுண்ணிதான், மருந்து கேட்கிறது, இன்னும் சில வாரம் இதே மாத்திரை, அப்புறம் அது மறுபடி எழாமலிருக்கச் சின்ன மாத்திரை என்று டாக்டர் மூச்சு விடாமல் சொன்னார். அக்கா அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அழறியாக்கா?" என்றார் மாஸ்டர்.

"யாருடா அழறா? முடி தூசி கண்ணுல விழுந்துடுச்சு."

"அப்போ நான் கிளம்பவா?" என்றார் முடி வெட்டுபவர். "ஆபரேஷன் இல்லன்னா எனக்கு இங்க வேலை இல்ல."

"இருய்யா. கண்ணாடி எங்க?" என்றார் மாஸ்டர். முடி வெட்டுபவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வலது பாதி மழமழவென்றிருந்தது. அவர் கண் அங்கே நிற்காமல் மெதுவாக நகர்ந்து இந்தப் பக்கம் வந்தது.

"என்னய்யா வேலை இது? இடது பக்கம் அப்படியே காடு மாதிரி நிக்குது."

டாக்டரின் கை கொண்டைக்குப் போய்ப் பேனாவை உருவியது. "இன்னொரு தடவை சொல்லுங்க மாஸ்டர். எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்! உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"டேய், டாக்டர்கிட்ட மரியாதையாப் பேசு" என்றார் அக்கா முந்தானைக்குள்ளிருந்து.

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினார். முடி வெட்டுபவர் பட்டியலில் இல்லாத பாதியை எடுக்கலாமா என்று அவரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கழுத்திலிருந்து சரிந்த துண்டை மாஸ்டர் இடது கையால் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடியும் நழுவியது. நான் பிடிக்க முன்னால் வந்தேன்.

"நீ உட்காரு, காஜா" என்றார். மூன்றாம் தடவை துண்டு நின்றது.